டீசல் எஞ்சினை அணைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? அலாஸ்காவின் ஆர்க்டிக் எரிசக்தி அலுவலகம் செய்கிற வேலை

2011 நவம்பரில் அலாஸ்காவின் மேற்குக் கரையில் பெரும் புயல் ஒன்று அடித்தது. நோம் என்கிற ஊருக்குக் குளிர்காலம் தொடங்கும் முன் வரவேண்டிய கடைசி எரிபொருள் லோடு அதில் வராமல் போய்விட்டது, அதற்குள் கடலும் உறைந்துவிட்டது. சுமார் 3,500 பேர் வாழும் அந்த ஊரை மாநிலத்தின் முக்கியச் சாலைகளோடு இணைக்கிற சாலையே கிடையாது. கடைசியில் ரெண்டா என்ற ரஷ்ய டேங்கர் கப்பலை வரவழைத்து, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஹீலி என்ற கப்பல் முன்னால் பனியை உடைத்துக்கொண்டே போக, 2012 ஜனவரியில் 13 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர் எரிபொருளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கப்பலால் கரை வரைக்கும் வரமுடியவில்லை என்பதால் உறைந்த கடலின் மேலேயே குழாய் போட்டு இறக்கினார்கள்.

அலாஸ்காவில் சாலையும் மின்தொடரும் எட்டாத ஊர்கள் ஏறக்குறைய 200 இருக்கின்றன. ஒவ்வொன்றும் மின்சார விஷயத்தில் ஒரு தனித் தீவு. ஊருக்குள்ளே ஒரு ஜெனரேட்டர் கொட்டகை, பக்கத்தில் வரிசையாக டீசல் டேங்குகள், கோடையில் ஆறும் கடலும் திறந்திருக்கும்போது படகில் வந்து நிரம்புகிற டீசல்தான் அடுத்த கோடை வரைக்கும். படகு போகமுடியாத இடத்துக்கு விமானத்தில் போகிறது, விலை எங்கேயோ ஏறிவிடுகிறது.

இதற்கென்றே அமெரிக்க எரிசக்தித் துறையில் ஆர்க்டிக் எரிசக்தி அலுவலகம் என்று ஒன்று உண்டு. அதற்கான சட்டம் 2000-இன் கடைசியிலேயே வந்துவிட்டது. ஒதுக்குப்புற ஊர்களுக்கு, குறிப்பாக நிலத்தடி உறைந்துகிடக்கிற பகுதிகளுக்குப் பொருந்துகிற மின்சாரத் தொழில்நுட்பத்தை வளர்க்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இடையில் பல வருடம் அது பெயரளவில்தான் இருந்தது, 2020-இல் ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழக வளாகத்தில் மறுபடி திறந்தார்கள். எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் இருக்கின்றன. சோலார், பேட்டரி, மேகங்களையும் காற்றையும் அளப்பது, பனிக்குள் சிக்கிக்கிடக்கும் மீத்தேன் என்று ஆளுக்கொரு பக்கம் ஆராய்கிறார்கள். துருவப் பகுதியைத் தொடுகிற வேலைகளை ஒன்றோடொன்று பேசவைப்பதும், அதை ஊர்க்காரர்களிடமும் மாநில அரசிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த அலுவலகத்தின் பொறுப்பு. கேட்க வெறும் கோப்பு வேலை மாதிரி இருக்கலாம், ஆனால் டீசல் எஞ்சினை அணைப்பது என்கிற ஒரே ஒரு காரியத்தை எடுத்துப் பார்த்தாலே இப்படி ஓர் இடம் ஏன் வேண்டும் என்று புரிந்துவிடும்.

காற்றாலை வைத்தால் டீசல் மிச்சம், சரி. ஆர்க்டிக் காற்றுக்கு ஒரு கூடுதல் பலமும் இருக்கிறது: குளிர்ந்த காற்று கனமானது. மைனஸ் 30 டிகிரியில் வீசுகிற காற்று, 25 டிகிரியில் வீசுவதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அடர்த்தி கூடியது, அதே வேகத்துக்கு அந்த அளவு சக்தியும் கூடுதல். ஆனால் காற்று எவ்வளவுதான் அடித்தாலும் பல ஊர்களில் டீசல் எஞ்சினை முழுசாக நிறுத்த முடிவதில்லை. டீசல் எஞ்சினுக்குக் குறைந்தபட்ச சுமை ஒன்று வேண்டும், அதன் திறனில் சுமார் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே ஓட்டினால் சிலிண்டருக்குள் சூடு போதாது, எரியாத எரிபொருளும் கரியும் புகைப்போக்கியில் படிய ஆரம்பிக்கும், எஞ்சின் சீக்கிரமே கெடும். அப்போ அணைத்துவிடலாமே என்றால், ஊரின் மின்சாரத்துக்குத் தாளம் போடுவதே அந்த எஞ்சின்தான். வினாடிக்கு 60 துடிப்பு என்கிற அதிர்வெண்ணை அது பிடித்துக்கொண்டிருக்க, மற்ற கருவிகள் எல்லாம் அதைப் பின்தொடர்கின்றன.

இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். நம் ஊரில் பேட்டரி இல்லாமல், மின்வாரிய லைனோடு இணைத்து மாடியில் சோலார் போட்டவர்கள் கவனித்திருப்பார்கள்: கரண்ட் போனால், உச்சி வெயில் அடித்தாலும் அந்த சோலாரும் நின்றுவிடும். அந்த இன்வெர்ட்டர் வெளியே உள்ள துடிப்பைப் பின்பற்ற மட்டுமே தெரிந்தது. அதே வீட்டில் ஹாலின் மூலையில் பேட்டரியோடு இருக்கிற இன்வெர்ட்டரோ, கரண்ட் போனதும் துடிப்பைத் தானே உண்டாக்கிவிடும். ஒரு முழு ஊருக்கும் அந்த வேலையைச் செய்கிற பெரிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்த பிறகுதான் டீசலை அணைப்பது சாத்தியமானது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிற ஷுங்நாக் கிராமத்தில் 2021-இல் சுமார் 225 கிலோவாட் சோலாரும் பேட்டரியும் இப்படித்தான் வேலைக்கு வந்தன. கோடையில் சில மணி நேரம் அங்கே எஞ்சின் அறவே ஓடாது.

அந்த பேட்டரிக்கும் ஆர்க்டிக்கில் ஒரு சிக்கல் உண்டு. லித்தியம் பேட்டரியை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே போய் அடங்காமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்துவிடும், பேட்டரி பாழாகும். அதனால் அதைக் கதகதப்பான பெட்டிக்குள் வைக்கவேண்டும். அந்தப் பெட்டியையும் காற்றாலையையும் எங்கே நிறுத்துவது? இங்கேதான் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது வருடக்கணக்காக உறைந்தே கிடக்கும் நிலம், குறுக்கே வருகிறது. உறைந்திருக்கும்வரை அது கான்கிரீட் மாதிரி நிற்கும், உருகினால் சேறு. மேலே சூடான எதை வைத்தாலும் அடிநிலம் இளகத் தொடங்கும்.

இதற்கு அவர்கள் பயன்படுத்துகிற வெப்பக் குழாய் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் பொருள்களில் ஒன்று. மூடிய குழாய், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே, வெளிப்பக்கம் ரேடியேட்டர் மாதிரி தகடுகள். உள்ளே அழுத்தத்தில் கொஞ்சம் அமோனியா அல்லது கார்பன் டைஆக்சைடு. குளிர்காலத்தில் மண்ணைவிட வெளிக்காற்று அதிகக் குளிர், அதனால் அடியில் இருக்கும் திரவம் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே போகும், தகடுகளில் பட்டுச் சூட்டை இழந்து மறுபடி திரவமாகிச் சுவரோடு வழிந்து கீழே இறங்கும். கோடையில் வெளியே சூடு, மேலே போன ஆவி குளிராது, சுழற்சி தானாகவே நின்றுபோகும், வெளியே உள்ள சூடு கீழே இறங்க வழியில்லை. மோட்டார் கிடையாது, சுவிட்ச் கிடையாது. குளிர்காலத்துக் குளிரைச் சேமித்துவைத்து நிலத்தை வருடம் முழுக்க உறையவைக்கிறது. 1977-இல் ஓடத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப்பாதையின் தூண்களில் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் நிற்கின்றன. பூமி சூடாகச் சூடாக இந்தக் கணக்கையெல்லாம் மறுபடி போடவேண்டியிருக்கிறது, நிலத்தடி எவ்வளவு வேகமாக இளகுகிறது என்று அளக்கிற விஞ்ஞானியும் அடித்தளம் போடுகிற பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருப்பது அதனால்தான்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகு பணம் என்று ஒரு முடிச்சு இருக்கிறது, யாரும் அதிகம் பேசாதது. கிராமங்களின் மின்கட்டணம் தாங்கமுடியாதது என்பதால் 1980-களிலிருந்து அலாஸ்கா மாநிலம் வீடுகளுக்கு மானியம் தருகிறது. மானியம் எரிபொருள் உள்ளிட்ட மின் உற்பத்திச் செலவை வைத்துக் கணக்கிடப்படுவது. ஊர் பாடுபட்டு டீசலைக் குறைத்தால் செலவு குறையும், செலவு குறைந்தால் மானியமும் குறையும், வீட்டுக்காரர் கையில் வருகிற பில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சோலார் போட ஊர் ஏன் மெனக்கெடவேண்டும்? ஷுங்நாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பேனலும் பேட்டரியும் ஷுங்நாக், கோபக் என்ற இரண்டு பழங்குடி ஊர்களுக்கே சொந்தம், அதில் வருகிற மின்சாரத்தை மின் கூட்டுறவுச் சங்கம் அவர்களிடமிருந்து விலைக்கு வாங்குகிறது. டீசலுக்காக வெளியே போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதி ஊருக்குள் தங்குகிறது. இது ஆய்வகத்தில் கண்டுபிடிக்கிற விஷயம் கிடையாது, ஆனால் இது இல்லாமல் அந்தப் பேனல்களால் ஊருக்குப் பெரிய பயன் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் டிசம்பர். சோலார் பேனல் குளிரில் நன்றாகவே வேலை செய்யும், மார்ச், ஏப்ரலில் பனியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கும், ஆனால் சூரியன் எட்டிப்பார்க்காத வாரங்களில் அதனால் பயனில்லை. ஆட்கள் அதிகம் தேடுகிற பதில் இந்த மாதங்களுக்குத்தான். காங்கிகனாக் போன்ற தென்மேற்கு ஊர்களில், இரவில் காற்று கூடும்போது மிஞ்சுகிற மின்சாரத்தை வீடுகளில் உள்ள செங்கல் அடுக்கிய ஹீட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். செங்கல் சூடேறி, காற்று நின்ற பிறகும் பல மணி நேரம் வீட்டைச் சூடாக வைத்திருக்கும், அடுப்பெண்ணெய் அந்த அளவுக்கு மிச்சம். தெற்கே, சுமார் 70 பேர் வாழும் இகியுகிக் கிராமம் 2019-இல் க்விசாக் ஆற்றின் அடியில் ஒரு டர்பைனை இறக்கியது. மேலே பனிக்கட்டிகள் மிதந்து போகும்போதும் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.