ரேஷனலைசேஷன் – காரணம் கற்பித்துக்கொள்ளல்

ஒரு செயலைச் செய்யத் தூண்டிய உண்மையான நோக்கம் சிலசமயம் செய்தவருக்கே தெரிவதில்லை. ஆனாலும் அறிவுக்கு ஒத்த ஒரு காரணத்தைச் சொல்கிறார், அதைத் தானும் நம்புகிறார். இதுதான் ரேஷனலைசேஷன். ‘தானும் நம்புகிறார்’ என்பதை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும்.

கணக்கு, காரணம் என்று பொருள்படும் ‘ராஷியோ’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். கணிதத்திலும் தொழிற்சாலை நிர்வாகத்திலும் ரேஷனலைசேஷனுக்கு வேறு பொருள் உண்டு. அதை உளவியலுக்குள் கொண்டுவந்தவர், ஃப்ராய்டின் வழிவந்த பிரிட்டிஷ் மருத்துவர் எர்னஸ்ட் ஜோன்ஸ். 1908 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கூடிய உளப்பகுப்பாய்வு மாநாட்டில், அன்றாட வாழ்வில் இது எப்படி நடக்கிறது என்று கட்டுரை வாசித்தார்.

அமெரிக்க உளவியலாளர்கள் நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானது எது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒன்றுதான். ஆனால் வலக்கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள், இடக்கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேர். ஏன் என்று கேட்டால் நெசவு, வேலைப்பாடு என்றார்கள். வைத்திருந்த இடத்தைக் காரணமாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனாலிருக்குமோ என்று கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள்.

தமிழில் ‘சாக்கு’ பொருந்தாது. சாக்குச் சொல்பவருக்கு அது பொய்யென்று தெரியும். ‘நியாயப்படுத்தல்’ பரவலாக வழங்குகிறது, ஆனால் வக்கீல் தெரிந்தே வாதாடுவதும் நியாயப்படுத்தல்தான். ‘பகுத்தறிவாக்கம்’ என்பது வெறும் சொல்லுக்குச் சொல். ‘காரணம் கற்பித்தல்’ நெருங்கி வருகிறது. கற்பனையில் உள்ள அதே ‘கற்பி’, இல்லாததை உண்டாக்குவது. ஆனால் தற்குறிப்பேற்ற அணியில், காற்றிலாடும் கொடி ‘வராதே’ என்று கைகாட்டுவதாகப் பாடும் புலவரும் காரணம் கற்பிக்கிறார், தெரிந்தே. அதனால் ‘கொள்’ என்ற துணைவினையையும் சேர்த்து, ‘காரணம் கற்பித்துக்கொள்ளல்’ என்பதே சரி. தனக்குத்தானே என்பது அதில் வந்துவிடுகிறது.

அடையாளம் காண, சொன்ன காரணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். “பஸ் இல்லை, கல்யாணத்துக்கு வரல” என்பவரிடம் “கார் வருது” என்றால், முழங்கால் வலி முன்னால் வந்து நிற்கும். காரணம் மாறுகிறது, முடிவு மாறவில்லை. அங்கே மறுபடி “ஏன்?” என்று துருவினால் மூன்றாவது காரணம்தான் பிறக்கும். “கல்யாணப் பேச்சு வந்ததும் மனசுல முதல்ல யார் முகம் வந்தது?” என்பதுபோல், நடந்ததை மட்டும் கேளுங்கள்.