ஆடிக் காற்றும் கிரைண்டர் தொட்டியும்

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டார்: "பூமி மேக்கிருந்து கிழக்கே சுத்துதுங்கறாங்க. அப்படின்னா பைக்குல போறாப்பல, காத்து கிழக்கிருந்துதானுங்க மூஞ்சில அடிக்கோணும்? ஆடியில மேக்கால இருந்தல்லங்க வருது?"

பைக்கை விடுங்கள், ஜன்னல் மூடிய பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் காற்றும் பஸ்ஸோடு சேர்ந்தே ஓடுவதால் முகத்தில் எதுவும் அடிப்பதில்லை. உடுமலையும் அதன் மேலுள்ள காற்றும் அப்படித்தான், மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் சேர்ந்தே கிழக்கே போகின்றன. நிலநடுக்கோட்டில் இந்த வேகம் 1,670. முப்பது டிகிரி அட்சரேகையில் 1,450. துருவத்தில் பூஜ்யம். வேகம் இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால், காற்று வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ கிளம்பினால் வம்பு.

அந்த வம்பைக் கண்ணால் பார்க்கலாம். கிரைண்டரில் கல்லை எடுத்துவிட்டு, தொட்டியின் வாயில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டிச் சுற்றவிடுங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஸ்கெட்ச் பேனாவால் நேராக ஒரு கோடு இழுங்கள். உங்கள் கை நேராகத்தான் போனது. ஆனால் நிறுத்திப் பார்த்தால் அட்டையில் இருப்பது வளைந்த கோடு! தொட்டி இடஞ்சுழியாகச் சுற்றினால் கோடு வலப்பக்கம் வளையும், வலஞ்சுழி என்றால் இடப்பக்கம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். இடஞ்சுழியாகச் சுற்றும் அதே அட்டையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் தெரியும். பூமியும் அப்படியே. வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி, தென்துருவப் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழி. அதனால்தான் வடக்கே காற்று வலப்பக்கமும் தெற்கே இடப்பக்கமும் ஒதுங்குகிறது. சுழற்சி ஒன்றுதான், பார்க்கிற பக்கம்தான் வேறு. (இந்தச் சோதனை முடியும்வரை எங்கள் வீட்டில் இரண்டு நாள் இட்லி இல்லை.)

இதற்குக் கொரியோலி விளைவு என்று பெயர். 1835இல் இதைக் கணக்கிட்ட பிரெஞ்சுக்காரர் கொரியோலியின் அக்கறை காற்றில் இல்லை, நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களில்தான். மோட்டாரும் பம்ப்செட்டும் செய்கிற கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போகும்.

சுழற்சி இல்லாவிட்டால், நிலநடுக்கோட்டில் சூடாகி எழும் காற்று துருவம்வரை போய்த் திரும்பியிருக்கும். பூமியில் அது முப்பது டிகிரி வாக்கிலேயே கீழிறங்கிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு 243 நாள் எடுக்கும் வெள்ளிக் கோளில் ஏறக்குறைய அறுபது டிகிரிவரை போகிறது. பத்து மணி நேரத்துக்குள் சுற்றிவிடும் வியாழனிலோ காற்றோட்டம் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கிறது. சிறிய தொலைநோக்கியிலேயே பார்க்கலாம்.

சரி, ஆடிக் காற்றுக்கு வருவோம். அது வெளியூர்க்காரன். மொரீஷியஸுக்கும் தெற்கே உள்ள உயரழுத்தப் பகுதியிலிருந்து, வெயிலில் காய்ந்து கிடக்கும் இந்திய நிலத்தை நோக்கிக் கிளம்புகிறது. தெற்கே இருக்கும்வரை இடப்பக்கம் ஒதுங்கி, ஆப்பிரிக்கக் கரையை நோக்கி வடமேற்காகப் போகிறது. அங்கே கென்யா, எத்தியோப்பியா மேட்டுநிலங்கள் சுவர் மாதிரி மறிக்கின்றன. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் ஒதுங்கும் பக்கம் மாறிவிடுகிறது, இப்போது வலப்பக்கம். சோமாலியா ஓரமாகத் திரும்பி, அரபிக்கடலைக் கடந்து, மேற்கிலிருந்து கேரளத்தில் ஏறுகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. நெருக்கியடித்துக்கொண்டு அதில் நுழையும் காற்றுதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்துத் தள்ளுகிறது.

இந்த வழியில்தான் காத்தாடிகளை (மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளை) நட்டிருக்கிறார்கள். "காத்தாடி வந்து மேகத்தையெல்லாம் விரட்டிப்போடுச்சு" என்று டீக்கடையில் சொல்பவர்களிடம் நான் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். மழை மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்பது, காத்தாடிக்கு அது எட்டாது. வருகிற காற்று ஈரத்தில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. ஒரு காத்தாடிகூட இல்லாத காலத்திலும் பல்லடம் மழைமறைவுப் பூமிதான்.