சேம்பர் மியூசிக்: அறையிசையா, கூடத்திசையா?

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவின் முன்கூடத்தில் நடந்த புல்லாங்குழல் நிகழ்ச்சிக்கான அழைப்பிதழில் ‘சேம்பர் மியூசிக் ரிசைட்டல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். சேலத்தில் எங்கள் வீட்டு வேலைக்கு வந்திருந்த கொத்தனார் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “சேம்பருன்னா செங்கல்லுங்களே?” என்றார். அறை அமைத்த சூளையில் சுட்டதை நாட்டுச் செங்கல்லிலிருந்து பிரித்துச் சொல்ல ‘சேம்பர் செங்கல்’ என்பதே இங்கு வழக்காதலால், அவர் கேட்டதில் பிழையில்லை. சூளையின் அறைக்கும் இசையின் அறைக்கும் பெயர் ஒன்றுதான்.

வளைந்த கூரையைக் குறித்த ‘கமாரா’ என்னும் கிரேக்கச் சொல் லத்தீனில் ‘கேமெரா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சேம்பர்’ ஆயிற்று. அதே சொல் போர்த்துகீசியர் வாய்வழியாக ‘காமரா’ என்று, அறை என்னும் பொருளிலேயே, தமிழுக்கும் வந்தது. படம் பிடிக்கும் கேமராவோ ‘இருட்டறை’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முன்பாதி. ஆக, ஒரே சொல்லை மூன்று உருவில் நாம் புழங்கிக்கொண்டிருக்கிறோம்.

17ஆம் நூற்றாண்டு இத்தாலியில், தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் உரிய இசையிலிருந்து வேறுபடுத்தி, அரண்மனை அறைகளில் வாசிக்கப்பட்டதை ‘அறைக்குரிய இசை’ என்றனர். அப்போது அது இடத்தின் பெயர். பின்னாளில் பொருள் குறுகி, கையசைத்து வழிநடத்துபவர் இல்லாமல், இசையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் வீதம் சிலர் மட்டும் சேர்ந்து வாசிப்பது என்றாகிவிட்டது. இன்று அதை ஆயிரம் பேர் அமரும் அரங்கில் வாசித்தாலும் பெயர் மாறுவதில்லை. ‘ரிசைட்டல்’ என்பது உரக்கப் படித்தலைக் குறித்த சொல். 1840இல் லண்டனில் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் தம் பியானோ நிகழ்ச்சிக்கு அதைப் பயன்படுத்திய பிறகே இசைக்கு நிலைத்தது. நமக்குக் கச்சேரி போதும். அதுவும் தாலுகா கச்சேரியிலிருந்து வந்த விருந்தாளிதான் என்பது வேறு கதை.

சேம்பர் மியூசிக்கைத் தமிழில் ‘அறையிசை’ என்று எழுதுவோர் உண்டு. சொல்லுக்குச் சொல் சரி; ஆனால் பொருள் இடத்தை விட்டு நகர்ந்த பிறகும் இந்தச் சொல் சுவரையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு ‘அறை’ என்றதும் கன்னமும் நினைவுக்கு வரும். நான் ‘கூடத்திசை’ என்பேன்: கூடம் என்பதில் வீட்டின் கூடமும் இருக்கிறது, கூடுதலும் இருக்கிறது. குழலின் வழி யாழ் நின்றது, யாழின் வழி தண்ணுமை என்னும் தோற்கருவி நின்றது என்று சிலப்பதிகார அரங்கேற்று காதை சொல்வதும், ஒருவர் மற்றவரைக் கேட்டு வாசிக்கும் இந்த முறையைத்தான்.

ஏற்காட்டில் அன்று வாசித்தது லூயிஸ் ஃபராங்க் (1804–1875) என்ற பிரெஞ்சுப் பெண்மணி இயற்றிய, குழலும் செல்லோ என்னும் பெரிய வயலின் வகைக் கருவியும் பியானோவும் சேர்ந்த மூவர் இசை. ‘இசையமைப்பாளர்’ என்றால் நம் வாசகருக்குச் சினிமாதான் தோன்றும் என்பதால் ‘இயற்றியவர்’ என்றே எழுதுகிறேன். பாரிஸ் இசைக் கல்லூரியில் 1842 முதல் 30 ஆண்டுகள் பியானோ பேராசிரியராக இருந்த அவர், ஆண் பேராசிரியர்களுக்கு இணையான ஊதியத்துக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1850இல் அவருடைய ஒன்பதின்மர் இசை பெரும் வெற்றி பெற்ற பிறகே அது கிடைத்தது. கணவர் குழலிசைக் கலைஞர். அப்படியும், இறந்த பிறகு நூறாண்டுக்கு மேலாக அவர் பெயர் கச்சேரி நிரல்களில் அரிதாகவே இடம்பெற்றது.

மலைக்குளிரில் குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். பியானோ அதற்காக இறங்கி வராது. ஆகவே வாசிப்பவர், தம் முறை வரும்வரை குழலைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு, ஓசை எழாமல் உள்ளே மூச்சை ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். நான்காவது வரிசை நாற்காலியில் இருந்த எனக்கு அந்த மூச்சும் கேட்டது.