அடியில் முக்கோணம் இருந்தால் போதுமா?

கூட்டுறவுக் குடியிருப்புகளுக்குக் குப்பைப் பிரிப்பு ஏற்பாடு செய்து தருவதும், அது கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்வதும் என் தொழில். கெட்டுப்போன பிறகு கூப்பிடுபவர்கள்தான் அதிகம். சமீபத்தில் ஒரு சங்கத்திலிருந்து அழைப்பு. மறுசுழற்சித் தொட்டியை எடுக்க மறுத்து, மூடியில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள் சேகரிப்பு ஊழியர்கள். திறந்து பார்த்தேன். அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பாட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. நடுவில் மட்டும் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பயன்படுத்திய டயப்பர்கள். பை கிழிந்து பாதித் தொட்டி நனைந்திருந்தது.

அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். யார் போட்டது என்ற விசாரணையிலேயே பாதி நேரம் போயிற்று. பிறகு ஓர் உறுப்பினர் எழுந்தார். கையோடு கொண்டுவந்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் தட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். "டயப்பர் போட்டது தப்புதான். ஆனால் இதையும் போடக்கூடாது என்கிறீர்களே, அடியில் மறுசுழற்சி முத்திரையே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்றார். சுற்றிலும் கைதட்டல் வேறு.

இந்தத் தட்டு எனக்கு எல்லாக் குடியிருப்பிலும் காட்டப்படுகிறது. எல்லோருக்கும் நின்று விளக்கியிருக்கிறேன். இனி எழுதி வைத்துவிட்டு, கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் அந்தச் சின்னத்தை வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர். 1970-இல் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு நிறுவனம் நடத்திய போட்டிக்காக வரைந்தது, ஆகவே அது காகிதத்துக்காகப் பிறந்த சின்னம். பிறகு 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம், அதே போன்ற அம்பு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டு பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பொருள் எந்த வகை பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை எண் சொல்லும், அவ்வளவுதான். இரத்தப் பிரிவு மாதிரி. ஆள் எந்தப் பிரிவு என்று தெரியும், ஆரோக்கியமாக இருக்கிறாரா என்று தெரியாது.

1 என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட். 2 என்பது ஷாம்பு, சலவைத் திரவ பாட்டில்களில் வரும் கெட்டியான பாலிஎத்திலீன். 3 பிவிசி. 4 பைகளிலும் உறைகளிலும் வரும் மெல்லிய பாலிஎத்திலீன். 5 டப்பாக்களிலும் மூடிகளிலும் வரும் பாலிபுரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோலும் இதில்தான். 7 என்றால் என்ன தெரியுமா? 'மேலே சொன்ன ஆறில் எதுவும் இல்லை.' இன்னதென்று பெயரே சொல்லாத ஒரு வகைக்கும் சுற்றிவர மூன்று அம்புகள்! இந்தக் குழப்பம் புரிந்துதான் 2013-இல் அதற்கான அமெரிக்கத் தரவிதியில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். ஆனாலும் அம்பு போட்ட பொருள்கள் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரு பொருள் மறுசுழற்சி ஆகுமா என்பதை அதைப் பிரித்து, கழுவி, உருக்கி, விலை கொடுத்து வாங்க உங்கள் பகுதியில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் தீர்மானிக்கிறது. 1, 2 எண் பாட்டில்களுக்குப் பெரும்பாலும் ஆள் உண்டு. 5-க்குச் சில இடங்களில் உண்டு. 3, 6, 7-க்கு வீட்டுக் குப்பையிலிருந்து வாங்குபவர் அரிது. ஒரே எண்ணாக இருந்தாலும் ஊதிச் செய்த பாட்டிலும் அச்சில் அழுத்திச் செய்த மெல்லிய தட்டும் உருக்கும்போது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் பாட்டிலை வாங்கும் ஆலை தட்டை ஒதுக்குவது உண்டு. அந்த உறுப்பினர் காட்டிய கறுப்புத் தட்டு இன்னும் மோசம். பிரிப்பு ஆலையில் பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிப்பது அகச்சிவப்புக் கதிர் அடித்துப் பார்க்கும் கருவி. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடும். கருவியைப் பொறுத்தவரை அங்கே தட்டே இல்லை. நேராகக் கழிவுக்குப் போகும்.

சரி, எடுக்காவிட்டால் அவர்களே ஒதுக்கிக்கொள்ளட்டும், போட்டு வைப்பதில் என்ன நஷ்டம் என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு உண்மையிலேயே இரத்தக் கொதிப்பு ஏறுவது இங்கேதான். பொதுக் குப்பையில் போட்டிருந்தால் நஷ்டம் அந்த ஒரு தட்டோடு போயிருக்கும். நல்ல நினைப்போடு மறுசுழற்சித் தொட்டியில் போட்டதால் கூட இருப்பதும் கெடுகிறது. பெட் பாட்டில்களோடு கொஞ்சம் பிவிசி கலந்தாலே போதும், பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி, அமிலப் புகை கக்கி, மொத்த உருக்கலையும் கரும்புள்ளியாக்கிவிடும். எண்ணெய் ஊறிய ஓர் அட்டை, கூழாக்கும்போது பக்கத்து அட்டைகளிலும் எண்ணெயைப் பரப்பும். உலகத்தின் பழைய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பெருமளவு வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018-இல் வீட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. மற்றவற்றில் பலவற்றுக்கு அந்நியப் பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. பல நாடுகளில் அதுவரை 'பரவாயில்லை' என்று ஓடிக்கொண்டிருந்த சேகரிப்பு முறைகள் அந்த ஒரு விதியில் ஆட்டம் கண்டன. உங்கள் தொட்டியில் இன்றைக்குச் சீட்டு ஒட்டுகிறார்களே, அந்தக் கண்டிப்பில் இதற்கும் பங்கு உண்டு.

தனி வீட்டில் இருப்பவர் தப்பாகப் போட்டால் சீட்டு அவர் வாசலில் ஒட்டப்படும். கூட்டுறவுக் குடியிருப்பில் தொட்டிக்குப் பெயர் கிடையாது. ஒருவர் போட்ட பைக்கு எல்லோருடைய மாதச் சந்தாவிலிருந்தும் கூடுதல் கட்டணம் போகும். அதனால்தான் சங்கத்தின் விதி, நீங்கள் முன்பு இருந்த இடத்து விதியைவிடக் கடுமையாகத் தெரிகிறது. நிர்வாகக் குழு உங்களைப் படுத்துவதற்காக எழுதியது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சேகரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பதைத்தான் எடுத்துப் போட்டிருப்பார்கள், அதுவும் பாதி புரிந்து.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. டப்பாவைச் சோப்புப் போட்டு, வெந்நீர் விட்டுப் பளபளவென்று கழுவிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பிடுகிறேன், அவ்வளவு வேண்டாம். காலி செய்து, பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரில் ஒரு முறை அலசி, வடியவிட்டால் போதும். பாட்டிலின் மூடியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். பல இடங்களில் மூடியோடு போடுவதுதான் நல்லது. தனியாகப் போட்ட மூடி சல்லடையில் விழுந்து தொலைந்துவிடும். பாட்டிலோடு வந்தால், அரைத்துக் கழுவும் தொட்டியில் மூடியின் துண்டு மிதக்கும், பெட் துண்டு மூழ்கும், தானாகப் பிரியும். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த காட்சிகளில் அது ஒன்று.

அப்புறம் பை. மறுசுழற்சிப் பொருளைப் பையில் கட்டிப் போடாதீர்கள். கொட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போங்கள். பிரிப்பு ஆலையில் சுழலும் தண்டுகளில் பை சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். கட்டிய பைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாததால் பல ஆலைகளில் பிரித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் பொறுமையாகப் பிரித்து வைத்ததெல்லாம் வீண்.

'மக்கும் பை' என்று அச்சடித்து விற்பதும் அதே தலைவலிதான். சோளமாவு போன்றவற்றிலிருந்து செய்யும் பிஎல்ஏ வகை பிளாஸ்டிக் மக்குவதற்குத் தொழிற்கூட உரக்கிடங்கின் சூடு வேண்டும். சோதனைக்கூடத்தில் அதைப் பார்ப்பதே 58 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான். உங்கள் குடியிருப்புத் தோட்டத்து உரத்தொட்டி அந்தச் சூட்டைத் தொட்டாலும் வாரக்கணக்கில் அதைத் தக்கவைக்காது. பை அப்படியே கிடக்கும். பாட்டில்களோடு கலந்தால் அங்கேயும் கெடுதல். உங்கள் மக்கும் குப்பையை எடுப்பவர் அந்தப் பையை ஏற்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். எந்தத் தொட்டியிலும். கைபேசி, காதொலிக் கருவி, பொம்மை, மின்சிகரெட், மின்பல்துலக்கி, பொத்தான் அளவு பேட்டரி வைத்துப் பாடும் வாழ்த்து அட்டை உட்பட எல்லாம் இதில் அடக்கம். குப்பை லாரி அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் காகிதம். லாரி ஓட்டுபவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறார்கள். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள், ஈரமில்லாத டப்பாவில் தனியாகச் சேருங்கள், சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், டப்பாவில் மற்றவற்றோடும் போடாதீர்கள். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். படியிறங்கும் வழியில் தூக்கியெறிய நினைத்த சோபாவை நிறுத்தி வைப்பவர்களும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்க வேண்டிய வழி அது.

கண்ணாடி பாட்டில் போடலாம் என்றால் கண்ணாடி எல்லாம் போடலாம் என்று அர்த்தமில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு உருக்கலைக் கெடுக்கும். சூடு தாங்கும் சமையல் பாத்திரம், பீங்கான் கோப்பை இவை பாட்டில் உருகும் சூட்டில் சரியாக உருகாது. புது பாட்டிலில் கட்டியாக நிற்கும், பாட்டில் அந்த இடத்தில் விரிசல் விடும். உடைந்தது எதுவானாலும் கெட்டியான காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி, பொதுக் குப்பையில் போடுங்கள். ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஊசியைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, மருந்தகமோ மருத்துவமனையோ வாங்கிக்கொண்டால் அங்கே கொடுங்கள். இதைக் கேட்டுக்கொள்கிறேன், திட்டவில்லை. குப்பையில் கைவிட்டு ஊசி குத்திக்கொண்ட ஒரு துப்புரவுத் தொழிலாளி, தொற்று இல்லை என்று பரிசோதனை முடிவு வரும்வரை பல மாதம் தூங்காமல் இருப்பார்.

நிர்வாகக் குழுக்காரர்களுக்கும் சில வார்த்தைகள். நீளமான அறிவிப்பை யாரும் படிப்பதில்லை, படம் போடுங்கள். மறுசுழற்சித் தொட்டி ஓரிடத்திலும் பொதுத் தொட்டி வேறிடத்திலும் இருந்தால், பக்கத்தில் எது இருக்கிறதோ அதில்தான் எல்லாம் விழும். இரண்டையும் ஒட்டி வையுங்கள். காகிதத் தொட்டியின் மூடியில் நீளமான பிளவு, பாட்டில் தொட்டியில் வட்ட ஓட்டை மட்டும் விடுங்கள். பத்து அறிவிப்பு செய்யாததை அந்த மூடி செய்யும். புதிதாகக் குடிவருபவருக்குச் சாவி கொடுக்கும் அன்றே சொல்லுங்கள். பையைப் பிரித்து, உள்ளே கிடக்கும் கடித உறையில் பெயர் தேடி, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு மானத்தை வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் செய்த இடங்களில் குப்பை சுத்தமானதைவிட உறவு கெட்டதுதான் அதிகம். துப்புரவு செய்பவரை மறுபடி பிரிக்கச் சொல்வதாக இருந்தால் தடித்த கையுறையும் அதற்குரிய கூலியும் கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால் சொல்லாதீர்கள்.

எங்கே போடுவது என்ற சந்தேகம் தீராதபோது பொதுக் குப்பையில் போட்டுவிடுங்கள். சேகரிப்பு நிறுவனம் ஏற்கும் பொருள்களின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் குப்பை அறையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் தேதி இருக்கிறதா என்று இன்று இறங்கும்போது பாருங்கள். தேதியே இல்லையென்றால், அடுத்த பொதுக்குழுவில் கறுப்புத் தட்டைத் தூக்கிக் காட்டுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.