காது ஐந்தாம் வகுப்பு, கண் ஒன்றாம் வகுப்பு

பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் புத்தக அலமாரியில் தமிழ் என்று இருப்பது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, அணில், ஆடு, இலை என்று தடித்த அட்டையில் வந்த எழுத்துப் புத்தகம். இன்னொன்று, ஊருக்குப் போனபோது தாத்தா ஆசையாக வாங்கிக் கொடுத்த ஐந்து பாகச் சரித்திர நாவல். முதலாவதைப் பத்து வயதுப் பிள்ளை தொடாது, அது பாப்பாவுக்கானது. இரண்டாவதைத் தொட்டாலும் முதல் பக்கம் தாண்டாது. நடுவில் கிடக்கும் பெரிய இடைவெளிக்குத் தமிழில் புத்தகங்கள் இருக்கின்றன. அதிகம் பேசப்படாததால் அவை வீடு வந்து சேர்வதில்லை.

சிக்கல் பிள்ளையின் தமிழில் இல்லை. அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் வளரும் பிள்ளைகளும் சரி, ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்தில் வளரும் பிள்ளைகளும் சரி, வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். பாட்டி சொல்லும் நீண்ட கதை புரிகிறது, சினிமா வசனம் மனப்பாடம். பள்ளியிலோ ஆங்கிலம் பாடமொழி, 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் கட்டாயம், மூன்றாவதாக இந்தி வந்து உட்கார்ந்துவிடும். தமிழ் எழுத்து படிக்க நேர அட்டவணையில் இடமே கிடையாது. அதனால் காது ஐந்தாம் வகுப்பிலும் கண் ஒன்றாம் வகுப்பிலும் நிற்கிறது. ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவலை இரண்டு நாளில் முடிக்கும் பிள்ளை தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அதற்கே கூச்சம் வந்துவிடுகிறது. புத்தகம் தேர்ந்தெடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கூச்சத்தைத்தான்.

கன்னடம் உதவும், காலையும் வாரும்

கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பாதி தெரிந்த மாதிரிதான். மெய்யோடு உயிர் சேரும் கணக்கு மூளையில் ஏற்கெனவே பதிந்திருக்கும். ஆகவே 247 எழுத்தையும் அட்டவணை போட்டு ஒப்பிக்க வைக்கத் தேவையில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அவற்றோடு கால், கொம்பு, விசிறிக் குறிகளைக் காட்டினால் போதும். உகர, ஊகார வரிசையை மட்டும் தனியாகப் பழக்க வேண்டும். அங்கே குறி ஒரே மாதிரி ஒட்டாமல் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. கன்னட எழுத்தின் தலையில் இருக்கும் தலைக்கட்டு அகரத்தைக் காட்டுகிறது. தமிழில் தலையில் வைக்கும் புள்ளியோ அகரத்தை எடுத்துவிடுகிறது. அதனால் ‘அம்மா’வை ‘அமமா’ என்று படிப்பார்கள். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். கண் பழகிய வழியில் போகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்பது. கன்னடத்தில் அந்த ஒலிக்குறி எழுத்தின் மேலேயே வந்துவிடும், முன்னால் தனியாக நிற்காது. மூன்றாவது, கன்னடத்தில் நான்கு எழுத்துகள் செய்யும் வேலையைத் தமிழில் ‘க’ ஒன்றே செய்வது. ‘பகல்’ என்ற சொல்லில் அதை எப்படி ஒலிப்பது என்பதைச் சொல்லை முன்பே காதால் கேட்ட பிள்ளை தானே சரிசெய்துகொள்ளும். கேட்காத சொல்லானால் தடுமாறும். வாசித்துக் காட்டுவதை நிறுத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வாக்கிய நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பன்னிரண்டு சொல் வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். யார், யாரை, எதற்காக என்பதையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டே ‘அடித்தானா, அணைத்தானா’ என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. தொடக்க வாசகருக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வாக்கியம் போகாத புத்தகம் வேண்டும். அதே புத்தகம் பத்து வயதுக்காரரை மதிக்கும் கதையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடம் காமிக்ஸ்.

பலூன் பலூனாக

காமிக்ஸ் படிப்பு படிப்பே இல்லை என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவது சுலபம். பாத்திரம் பேசுவதை எழுதும் குமிழான ஒரு பலூனில் ஐந்து முதல் பத்துச் சொல் இருக்கும். பேச்சு வாக்கியங்கள் ஆனதால் காதுக்குப் பழகியவை. யார் பேசுகிறார்கள் என்பதைப் படம் சொல்லிவிடும். கோபமா, கிண்டலா என்பதையும் முகம் சொல்லிவிடும். எழுத்துக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தை ஒன்றாம் வகுப்புக் கண்ணாலும் செய்ய முடியும். கதை மட்டும் பிள்ளையின் வயதுக்கு ஏற்றதாக நிற்கும்.

சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும், 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்துகொண்டிருக்கின்றன. இரும்புக்கை மாயாவி பெயர் அப்பாக்களுக்குத் தெரியும். கௌபாய் நாயகர்களான லக்கி லூக்கும் டெக்ஸ் வில்லரும் இன்றும் தமிழ் பேசிக்கொண்டிருப்பது பெங்களூரில் பல வீடுகளுக்குத் தெரியாது. தொடங்க ஏற்றது லக்கி லூக் போன்ற நகைச்சுவை ஆல்பம். ஐரோப்பிய ஆல்பங்கள் வழக்கமாக 44 முதல் 48 பக்கம். நாளுக்கு எட்டுப் பக்கம் என்றால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தமிழில் ஒரு முழுப் புத்தகத்தை முடித்தோம் என்பது பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. டெக்ஸ் கதைகள் நூறு பக்கத்துக்கு மேல் போகும், அதோடு துப்பாக்கிச் சத்தமும் அதிகம், அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். (லக்கி லூக் 1983இல் சிகரெட்டை விட்டுவிட்டுப் புல்லைக் கடிக்க ஆரம்பித்தார். பழைய கதைகளில் புகைத்துக்கொண்டுதான் இருப்பார், பிள்ளை கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.)

எட்டுப் பக்கத்தையும் மூன்று சுற்றாகப் படிப்பது நல்ல பலன் தரும். முதல் சுற்றில் எழுத்தைத் தொடவே வேண்டாம். படத்தை மட்டும் பார்த்துப் பிள்ளை கதை சொல்லட்டும், தமிழ், கன்னடம், ஆங்கிலம் எது கலந்தாலும் சரி. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும்?’ வரையப்படாததை ஊகிப்பதுதான் காமிக்ஸ் வாசிப்பின் உயிர்நாடி. இரண்டாம் சுற்றில் கட்டத்தின் மேலே வரும் கதைசொல்லி வரிகளைப் பெரியவர் படிக்க வேண்டும், அவை எழுத்துத் தமிழில் இருக்கும், கடினம். பிள்ளைக்கு ஒரு பாத்திரம். கதாநாயகனைக் கொடுத்தால் வசனம் தாங்காது. குதிரைக்கோ குறும்புக்காரத் திருடனுக்கோ இரண்டு மூன்று பலூன்தான் இருக்கும், அங்கே தொடங்கலாம். மூன்றாம் சுற்றில் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

டுமீல், தட், க்ரீச் போன்ற ஒலிச்சொற்களை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்தைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. கத்திப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஃபிளாட்டுக்காரர் மன்னிப்பார்.

தப்பாகப் படித்தால் ஐந்து நொடி பேசாமல் இருப்பது நல்லது. ‘மழை’யை ‘மலை’ என்று படித்தால் அடுத்த படத்தில் குடை வரும்போது பிள்ளையே திரும்பிப் போய்த் திருத்தும். பொருள் மாறாத இடத்தில் ழகரத்துக்காக நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் கதை அறுந்துவிடும். பலூன் எழுத்து பொடியாக இருப்பது இந்த ஆல்பங்களின் நிஜமான குறை. ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டி வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போனால் கண் வழுக்காது. மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸில் ஊறிய பிள்ளை வலமிருந்து இடமாகக் கட்டங்களைப் பார்க்கப் பழகியிருக்கும், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் கிராஃபிக் நாவலுக்குள், அதாவது படங்களால் சொல்லும் முழுநீள நூலுக்குள் போகலாம். அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த ‘பீமாயணம்’ 2011இல் வந்தது. அதில் சதுரக் கட்டமே கிடையாது. இதமாகப் பேசுகிறவரின் பலூன் பறவை வடிவில் இருக்கும், சாதி வெறியோடு பேசுகிறவரின் பலூனுக்குத் தேள்வால் இருக்கும். இதைச் சொல்லாமலே கொடுத்து, பிள்ளை எந்தப் பக்கத்தில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பதே தனிச் சுகம். மர்ஜான் சத்ரபி தன் இளமைக்காலத்தை வரைந்த நூலும் ‘ஈரான்’ என்ற பெயரில் தமிழில் வந்திருக்கிறது. சித்திரவதையும் போரும் வருவதால் அதைப் பதினைந்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்து விரல் கணக்கு தமிழில் கொஞ்சம் வேறு

ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம் என்பது நூலகங்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குப் போட்டால் நல்ல புத்தகம் எல்லாம் விழுந்துவிடும். ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்பது கண்ணுக்கு ஒரு மலை, காதுக்கு நாலு சாதாரணச் சொல். ஆகவே தடுமாறிய சொல்லைப் பெரியவர் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். ‘ஓ, அதுவா’ என்று முகம் மலர்ந்தால் விரலை மடக்கக் கூடாது. கேட்டும் புரியாததற்கு மட்டும் விரல். இரண்டு மூன்று மடங்கினால் சரியான புத்தகம். ஒன்றுமே மடங்கவில்லை என்றாலும் பரவாயில்லை, வேகம் வர அதுவும் தேவை.

கையில் எடுத்ததும் அச்சையும் பார்த்துவிடுங்கள். வரி முடிவில் இடமில்லாமல் சொல்லை இரண்டாக உடைத்து, இடையில் கோடுகூடப் போடாமல் அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தால் புதிய வாசகர் அதை இரண்டு சொல்லாகப் படித்துத் திணறுவார். பழைய மலிவுப் பதிப்புகளில் இது சகஜம்.

நாவலுக்கு எங்கே போவது

சாகித்ய அகாதெமி 2010 முதல் தரும் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறார் இலக்கிய விருதுப் பட்டியல் நல்ல வேட்டைக்காடு. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) மூன்றும் விருது வாங்கியவை. முதலாவது, தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடம் பேசும் கதை. பெற்றோர் முதல் நாள் இரவே படித்துவிட்டு மறுநாள் கூட உட்கார வேண்டும். இரண்டாவதில் கீழடி வருகிறது. வரலாறு என்றாலே ராஜா, வாள் என்று பழகிய பிள்ளைக்குப் பானை ஓடும் வரலாறுதான் என்று அங்கே தெரியும்.

கி. ராஜநாராயணனைப் பெரியவர்களின் எழுத்தாளராக மட்டுமே அறிந்தவர்களுக்கு, அவர் ‘பிஞ்சுகள்’ என்றொரு குறுநாவல் எழுதியிருப்பது ஆச்சரியமாக இருக்கலாம். பறவை முட்டை சேகரிக்கும் பையனின் கதை. கரிசல்காட்டுச் சொற்கள் நிறைய வருவதால் மேலே சொன்ன விரல் கணக்கில் அது தோற்றுவிடும். ஆனாலும் விடக்கூடாத புத்தகம். பிள்ளை கையில் கொடுக்காமல் பெரியவர் வாசித்துக் காட்டட்டும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும், சுவாரசியமான இடத்தில் மூடிவிடுங்கள். முட்டையை எடுக்கலாமா என்ற விவாதம் தானாக வரும்.

ஒன்று முதல் நான்கு வரை படிநிலை எண் போட்ட கதைகள் வேண்டுமென்றால், பெங்களூரிலேயே இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கும், அச்செடுத்துக்கொள்ளலாம். சென்னைத் தூலிகாவின் தமிழ்-ஆங்கில இருமொழிப் படப் புத்தகங்கள் அழகானவை. ஒரே தொல்லை, கண் ஆங்கில வரிக்கே ஓடும். அதை ஒரு தாளால் மூடி வைக்கலாம்.

கெட்டுப்போகும் விதங்கள்

கதை முடிந்ததும் ‘இதுல என்ன நீதி?’ என்று கேட்பது. கேட்டுவிட்டால் அடுத்த கதை பரீட்சைத் தாளாகிவிடும். சுருக்கம் எழுதச் சொல்வது அதைவிட மோசம். ஆங்கிலப் புத்தகம் பரிசாகவும் தமிழ்ப் புத்தகம் சனிக்கிழமை வீட்டுப்பாடமாகவும் வரும் வீட்டில் எந்தத் தமிழ்ப் புத்தகமும் பிழைக்காது.

பெற்றோரின் பழைய ஆசையும் ஒரு பொறி. நாற்பது வருடத்துக்கு முன் தாங்கள் விழுந்து விழுந்து படித்ததையே தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள். நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யும் வரி, வாத்தியார் பிரம்பால் அடிப்பதை வேடிக்கையாகச் சொல்லும் வரி எல்லாம் அப்போது கண்ணில் பட்டிருக்காது. ஒருமுறை மறுபடி படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நன்றாக இருப்பவையும் உண்டு.

வாங்குவது

ஆங்கில கிராஃபிக் நாவலுக்குச் சர்ச் ஸ்ட்ரீட் போதும். தமிழுக்கு அல்சூர் ஏரி அருகே 1950 முதல் இயங்கும் தமிழ்ச் சங்கத்திலும், சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் சாகித்ய அகாதெமியின் வட்டார அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் போனால் ஓசூர், அங்கே ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. சிறு பதிப்பகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அச்சடிக்கின்றன. காமிக்ஸும் பெரும்பாலும் சந்தாவை நம்பியே வருகிறது. பிடித்ததைப் பார்த்தால் அடுத்த வருடம் வாங்கலாம் என்று விட்டால் கிடைக்காமல் போகும். அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்கு அதே அளவு கூரியர் கட்டணம் என்பதால் நான்கு வீடு சேர்ந்து பத்துப் பதினைந்து புத்தகமாக வரவழைப்பது கட்டுப்படியாகும். பணம் அனுப்பும் முன் பதிப்பகத்துக்கு ஒரு ஃபோன் போட்டுக் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணையக் கடைப் பட்டியலில் இருப்பதெல்லாம் கிடங்கில் இருக்காது.

வந்த புத்தகம் நான்கு வீட்டிலும் சுற்றும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, படித்த பிள்ளை பெயரையும் நிறுத்திய பக்க எண்ணையும் எழுதச் சொல்லலாம். பாதியில் விட்டது குற்றமில்லை. மூன்று பிள்ளைகள் ஒரே பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அநேகமாக அங்கே ஒரு நீளமான வர்ணனை இருக்கும். அதைப் பெரியவர் வாசித்துக் காட்டித் தாண்டிவிட்டால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.