பைலட் கண்ணுக்கு எட்டாத தூரத்துல ட்ரோன்: அனுமதி எங்க போய் நிக்குது?

ஜூன் ஜூலையில நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி வழியா பைக்ல போனவங்களுக்கு தெரியும், கணவாய்ல நுழையுற தென்மேற்கு காத்து வண்டியையே ஒரு பக்கமா தள்ளும். அந்த காத்துலயும் காத்தாலை இறக்கைல விரிசல் இருக்கான்னு பாக்க வந்த ஒரு ட்ரோன் போட்டோ எடுக்குற அளவுக்கு ஒரே இடத்துல நிக்கணும். எப்படி நிக்குதுன்னா, காத்து தள்ளின உடனே கைரோ சென்சார் சாய்வை சொல்லுது, ஜிபிஎஸ் இடம் மாறினதை சொல்லுது, காத்தழுத்தத்தை வச்சு உயரம் தெரியுது (மேல ஏற ஏற காத்தழுத்தம் குறையும்), உள்ள இருக்குற கம்ப்யூட்டர் செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை கணக்கு போட்டு ஒவ்வொரு மோட்டார் வேகத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைச்சு காத்துக்கு எதிரா சாஞ்சு நிக்க வைக்குது. பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும்.

அதாவது தானா பறக்குற வேலை ஓரளவு முடிஞ்சு போன விஷயம். அனுமதி குடுக்குறவங்க கேக்குறது வேற: பறக்கும்போது ஏதாவது ஒண்ணு கெட்டுப்போனா என்ன ஆகும்?

நம்ம நாட்டுல 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், அப்படியே மேல போகும். டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசு இணையதளத்தோட மேப்ல பச்சை ஏரியான்னா 400 அடி வரைக்கும் முன்அனுமதி வேண்டாம், மஞ்சள்னா விமான கட்டுப்பாட்டு மையத்துல கேக்கணும், சிவப்புன்னா மத்திய அரசு சொல்லணும். ஆனா இதெல்லாம் பைலட் கண்ணால பாத்துக்கிட்டே ஓட்டுற ட்ரோனுக்கு. கண்ணை விட்டு தாண்டணும்னா தனி அனுமதி வேணும், அதுக்கு மேல சொன்ன கேள்விக்கு ஒவ்வொண்ணா பதில் வச்சிருக்கணும்.

சிக்னல் அறுந்தா கிளம்பின இடத்துக்கே தானா திரும்பணும், இல்லன்னா முன்னாடியே குறிச்சு வச்ச காலி இடத்துல இறங்கணும். ஒரு மோட்டார் நின்னா மீதி மோட்டார்களை வச்சு சமாளிக்கணும், அதனாலதான் சரக்கு ட்ரோன்கள்ல ஆறு, எட்டு மோட்டார் பாக்குறோம். எல்லாமே போச்சுன்னா பாராசூட். இதுல ரொம்ப கஷ்டம் தாழ்வா வர்ற ஹெலிகாப்டரை கண்டுபிடிச்சு விலகுறது, பைலட்டோட கண்ணு செய்யுற வேலையை கேமராவும் ரேடாரும் செய்யணும், அதுவும் தப்பாம செய்யுதுன்னு நிரூபிக்கணும். கீழ வீடு, ரோடு, ஆள் கூட்டம் எவ்வளவுன்னும் கணக்கு பாப்பாங்க, அதனால தண்ணிக்கும் காட்டுக்கும் மேல போற பாதைக்கு ஆபத்து கம்மின்னு வரும், நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு மேல அப்படி வராது.

2021 அக்டோபர்ல மணிப்பூர்ல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) பண்ணது இதுக்கு நல்ல உதாரணம். பிஷ்ணுபூர்ல இருந்து லோக்டாக் ஏரி தீவுக்கு ரோட்டுல 26 கிலோமீட்டர், வானத்துல 15, கொரோனா தடுப்பூசி 12-15 நிமிஷத்துல போய் சேர்ந்துச்சு. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் மலைல இருக்குற காணி பழங்குடி மக்களோட குடியிருப்புகள் சிலதுக்கு படகுலதான் போகணும், பாம்பு கடிச்சா விஷமுறிவு மருந்து கைக்கு வர்ற நேரம்தான் உயிரு. நம்ம மாவட்டத்துல இந்த அனுமதி முதல்ல வர வேண்டிய இடம் அதுதான்னு நான் உறுதியா நினைக்கிறேன். ஆனா தூத்தூர் விசைப்படகுகள் போற ஆழ்கடலுக்கு இந்த ட்ரோனை நம்பாதீங்க, அரைமணி நேரம் ஓடுற பேட்டரி கரையை தாண்டி ரொம்ப தூரம் போகாது, அதுக்கு விமானம் மாதிரி இறக்கை வச்ச பெரிய ரகம் வேணும்.

வியாபாரம் வளர்றதும் இதே அனுமதியிலதான் மாட்டிக்கிட்டு நிக்குது. ஒரு ட்ரோனுக்கு ஒரு பைலட், கூட பாக்க ஒரு ஆள்னு சம்பளம் குடுத்தா சின்ன மருந்து பொட்டலத்துக்கு கட்டுபடியாகாது, ஒரே ஆள் ஒரு ரூம்ல உக்காந்து பத்து ட்ரோனை கவனிக்கலாம்னு விட்டாதான் செலவு இறங்கும். இப்போதைக்கு காசு பாக்குறது வயல்ல மருந்தடிக்கிற ட்ரோன், ஏன்னா அது கண் முன்னாடியே பறக்குது. நாஞ்சில்நாட்டு வயலுக்கு யாராச்சும் கொண்டு வந்தா பதிவு எண், பைலட் சான்றிதழ், மூணாம் தரப்பு இன்சூரன்ஸ் மூணையும் கேட்டு பாத்துட்டு இறக்க விடுங்க, காத்து பலமா இருக்குற மத்தியானத்துல அடிக்க விடாதீங்க, மருந்து பக்கத்து வயலுக்கு போயிடும்.