கயோட்டி வேட்டைக்கு எந்தத் தோட்டா, எந்த ரைபிள்?

அமெரிக்காவில் வயோமிங், மொன்டானா பக்கம் செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்கு, குட்டி போடும் பருவத்தில் கயோட்டியின் ஊளை கேட்டால் தூக்கம் போய்விடும். பார்க்க நம்மூர் நரி மாதிரிதான், கொஞ்சம் பெரிது, எடை பெரும்பாலும் 10 முதல் 16 கிலோவுக்குள். குளிர்காலத்தில் முடி அடர்ந்து நிற்பதால் தூரத்திலிருந்து பெரிய நாய் போலத் தெரியும், உள்ளே இருப்பதோ ஒடிசலான உடம்பு. அதில் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி, அதாவது குண்டு பட்டால் சட்டென்று உயிர் போகிற இடம், 10-12 செ.மீ. அகலம்தான். ஒரு டபராவின் வாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படாமல் வயிற்றிலோ காலிலோ பட்டால் அந்த விலங்கு ஓடிப்போய் ஏதாவது புதருக்குள் வெகுநேரம் துடித்துச் சாகும். எந்தத் தோட்டா என்று யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் பதிலை ஆரம்பிப்பேன்.

வேட்டை நடக்கும் விதமும் முக்கியம். வேட்டைக்காரர் ஒரு மேட்டில் அசையாமல் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஊதல் ஊதுவார், அல்லது ஒலிபெருக்கியில் அந்தச் சத்தத்தைப் போடுவார். கயோட்டி நேராக வராது, காற்று வீசிப்போகும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். 40 கஜத்தில் வந்து நிற்கலாம், 250 கஜத்திலேயே சந்தேகப்பட்டு நின்றுவிடலாம். நிற்பதும் சில நொடிகள்தான். தூரத்தை அளந்து, ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. தூரத்தைக் கொஞ்சம் தப்பாக ஊகித்தாலும் அந்த டபரா அளவுக்குள் போய்ச் சேருகிற குண்டு வேண்டும்.

இதற்கு "எது பவர் அதிகம்" என்று பார்ப்பது பயன் தராது. பார்க்க வேண்டியது நேரம்.

குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே குண்டு கீழே விழ ஆரம்பிக்கிறது, கையிலிருந்து நழுவிய கல் விழுகிற அதே வேகத்தில். எவ்வளவு விழும் என்பதை அது பறக்கிற நேரம்தான் முடிவு செய்கிறது. 1887-லிருந்து இருக்கிற .22 லாங் ரைபிள் தோட்டாவின் குண்டு நொடிக்குச் சுமார் 370 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, 100 மீட்டரைக் கடக்க 0.3 நொடி ஆகிறது, அதற்குள் 40 செ.மீ.க்கு மேல் விழுந்துவிடும். .223 ரெமிங்டன் தோட்டாவில் 55 கிரெய்ன், அதாவது 3.6 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 990 மீட்டரில் கிளம்புகிறது, அதே தூரத்துக்கு 0.1 நொடிக்குச் சற்று மேல், விழுவது 5-6 செ.மீ. மட்டும். ஆற்றலிலும் அது 170 ஜூல், இது 1,740 ஜூல், பத்து மடங்கு. முயலுக்குப் போதுமான .22-ஐ எடுத்துக்கொண்டு கயோட்டிக்குப் போகாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

காற்று விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பக்கவாட்டில் அடிக்கிற காற்று குண்டைக் காகிதம் மாதிரித் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குண்டு தன் மூக்கைக் காற்று வருகிற திசைக்கு மிக லேசாகத் திருப்பிக்கொள்கிறது, அப்போது அதைப் பின்னுக்கு இழுக்கிற காற்றுத்தடையே சற்றுச் சாய்வாக இழுக்க ஆரம்பிக்கிறது, விலகல் அதனால் வருவது. எனவே காற்றே இல்லாத வெற்றிடத்தில் ஆகியிருக்கக்கூடிய நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு தாமதமாகிறது என்று கண்டுபிடித்து, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். அவ்வளவு எளிய கணக்கு. .223-இன் அதே 55 கிரெய்ன் குண்டு 200 கஜம் போவதற்குள் 0.025 நொடி தாமதமாகிறது. மணிக்கு 16 கி.மீ. வேகக் காற்று என்றால் நொடிக்குச் சுமார் 4.5 மீட்டர், பெருக்கினால் 11 செ.மீ. 300 கஜத்தில் இதுவே 27 செ.மீ. ஆகிவிடும். தூரம் ஒன்றரை மடங்குதான் கூடியது, விலகலோ இரண்டரை மடங்கு! வயோமிங் புல்வெளியில் மணிக்கு 16 கி.மீ. என்பதை யாரும் பெரிய காற்றாகவே எண்ணுவதில்லை.

சரி, தோட்டாக்களுக்கு வருவோம். பெயரின் முதலில் இருக்கும் எண் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் தோராயமாகச் சொல்வது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் இரண்டும் ஒரே 0.224 அங்குலக் குண்டைத்தான் சுடுகின்றன, வித்தியாசம் பின்னால் இருக்கிற பித்தளைக் கூட்டில் எவ்வளவு வெடிமருந்து பிடிக்கிறது என்பதில். .22-250 என்பது 1915-இல் வந்த .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி, வேட்டைக்காரர்கள் வீட்டுப் பட்டறையில் செய்து பார்த்து வளர்த்தது. 1965-இல்தான் ரெமிங்டன் அதைத் தன் பெயரில் விற்க ஆரம்பித்தது. 55 கிரெய்ன் குண்டை நொடிக்கு 1,120 மீட்டரில் தள்ளுகிறது. 2004-இல் வந்த .204 ரூகர் இன்னும் மெல்லிய குண்டை, 32 கிரெய்ன்தான், கிட்டத்தட்ட 1,290 மீட்டரில் அனுப்புகிறது.

கேட்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் 300 கஜத்தில் அதே 16 கி.மீ. காற்றுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தால் .223 சுமார் 27 செ.மீ., .204 சுமார் 25, .22-250 சுமார் 23 என்று வருகிறது. இவ்வளவு வேகம் கூட்டியும் மிச்சம் நாலு செ.மீ. .243 வின்செஸ்டரில் 87 கிரெய்ன் எடையுள்ள, நீண்டு கூர்மையான குண்டைப் போட்டால் அது .22-250-ஐவிட மெதுவாகத்தான் கிளம்புகிறது, விலகலோ 17 செ.மீ. பக்கம் இறங்கிவிடுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற வடிவம்தான் தாமதத்தைக் குறைக்கிறது, கிளம்பும்போது இருக்கிற வேகம் பாதிக் கதைதான்.

அதிக மருந்துக்கு வேறொரு விலையும் உண்டு. .223-இல் சுமார் 26 கிரெய்ன் மருந்து எரிகிறது என்றால் .22-250-இல் 36 பக்கம், அதே குறுகிய துளை வழியாக. அந்தச் சூட்டில் குழலின் தொண்டைப் பகுதி, அதாவது குண்டு குழலுக்குள் நுழைகிற இடம், அரித்துக்கொண்டே வரும். வருஷத்துக்குச் சில டஜன் தோட்டா சுடுகிறவருக்கு இது பிரச்சினை இல்லை, பயிற்சிக்காக ஆயிரக்கணக்கில் சுடுகிறவர் யோசிக்க வேண்டும்.

குழலின் உள்ளே இருக்கிற சுருள் பள்ளங்களைப் பலரும் கவனிக்காமலே துப்பாக்கி வாங்கிவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது. பம்பரம் சுற்றும்வரைதான் நிற்கும், குண்டும் அப்படித்தான். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பள்ளம் வெட்டிய .223 குழலிலிருந்து வரும் குண்டு நொடிக்கு 4,300 தடவை சுற்றுகிறது, நிமிடக் கணக்கில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். எவ்வளவு சுற்று தேவை என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது குண்டின் நீளம் என்று 1879-இலேயே ஆல்பிரட் கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் சூத்திரம் போட்டுக் காட்டிவிட்டார். நீளம் கூடக் கூட வேகமான சுற்று வேண்டும். பழைய .22-250 ரைபிள்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், அவற்றில் 55 கிரெய்ன் அருமையாகப் போகும், 75 கிரெய்ன் நீளக் குண்டைப் போட்டால் காற்றில் குட்டிக்கரணம் போட்டுக் காகிதத்தில் பக்கவாட்டாகப் போய் அடிக்கும். இதற்கு நேர்மாறாக, மெல்லிய உறை போட்ட குண்டை மிக வேகமான சுற்றில் விட்டால் பறக்கும்போதே சிதறுவதும் உண்டு.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை, சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்கிற காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அந்தத் தடையை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். அங்கே செம்புக் குண்டுதான் வழி, செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், நீளமானால் வேகமான சுற்று வேண்டும். சட்டம் மாறியதும் பழைய ரைபிளுக்குக் குண்டு தேடி அலைய வேண்டி வருவது இப்படித்தான்.

உடம்புக்குள் போன பிறகு குண்டு என்ன செய்கிறது என்பதும் அதன் கட்டமைப்பைப் பொறுத்தது. முழுக்க உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு சில சமயம் ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும், விலங்கு உடனே விழாது. நுனியில் பிளாஸ்டிக் கூர்மை வைத்து, உறையை மெல்லியதாகச் செய்த குண்டு உள்ளே போனதும் நொறுங்கி, இருக்கிற ஆற்றல் முழுவதையும் நெஞ்சுக்குள்ளேயே இறக்கிவிடும். வெளியே ஓட்டை இல்லாததால் தோல் கெடாது, தோல் விற்கிறவர்கள் இதைத்தான் தேடுவார்கள். குறி தவறித் தரையில் பட்டாலும் பெரும்பாலும் உடைந்துபோகும், எகிறிப் பக்கத்துப் பண்ணைக்குப் போகிற ஆபத்து குறைவு. இல்லாமலே போய்விடாது, பின்னால் மண்மேடு இல்லாமல் வானத்தை முதுகில் வைத்து நிற்கிற கயோட்டியைச் சுடவே கூடாது.

துப்பாக்கி வகையில் நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். கையால் இழுத்துத் தள்ளுகிற போல்ட் ரைபிள் எளிமையானது, விலைக்கு நல்ல துல்லியம் தரும். ஒரே ஊதலுக்கு இரண்டு மூன்று கயோட்டி சேர்ந்து வருகிற இடங்களில் ஏஆர்-15 வகைத் துப்பாக்கி அடுத்த தோட்டாவைச் சீக்கிரம் தருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், 5.56 நேட்டோ (.223 போலவே இருக்கிற ராணுவத் தோட்டா) என்று குறித்த குழலில் .223 தோட்டாவைச் சுடலாம், .223 என்று மட்டும் குறித்த குழலில் 5.56-ஐப் போட்டால் அழுத்தம் எல்லை மீறக்கூடும். கனமான தடித்த குழல் புல்வெளி அணில்களை நாள் முழுக்கச் சுடுகிறவர்களுக்குத்தான் வேண்டும், கயோட்டிக்கு ஓரிடத்தில் ஒன்றிரண்டு தோட்டாதான் செலவாகும், குழல் சூடாக நேரமே இல்லை, அந்தக் கூடுதல் எடையை மலைமேல் சுமக்கிறதுதான் மிச்சம்.

என்னைக் கேட்டால் முதல் ரைபிளுக்கு .223, 8 அல்லது 9 அங்குலச் சுற்று, 3 கிலோவைச் சுற்றி எடை. பின்னுதைப்பு குறைவு என்பதால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் விலங்கு கண்ணிலேயே இருக்கும், எங்கே பட்டது என்று தெரியும், தேவைப்பட்டால் தாமதிக்காமல் இரண்டாவது குண்டு போடலாம். தோட்டா மலிவு என்பதால் நிறையப் பழகலாம். 200 கஜத்துக்குக் குறிவைத்துச் சரிசெய்தால் 100 கஜத்தில் சுமார் 4 செ.மீ. மேலே படும், 300-இல் 18 செ.மீ. கீழே. அதாவது 225 கஜம் வரை நெஞ்சின் நடுவைப் பார்த்துச் சுட்டால் போதும், அதற்கு அப்பால் காற்றும் அடிக்கிறது என்றால் விரலை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஊதிப் பார்க்கலாம், பசித்த கயோட்டி சில சமயம் கிட்டே வரும்.